நுண்கட்டுப்படுத்திகளின் தொடர் தகவல் பரிமாற்றமும் சிமுலேட்டர் சோதனையின் எல்லைகளும்

செயலகம், நினைவகம், உள்ளீட்டு வெளியீட்டு வசதிகள் ஆகியவற்றை ஒரே சில்லுக்குள் கொண்ட நுண்கட்டுப்படுத்தி, அதாவது மைக்ரோகண்ட்ரோலர், பிற கருவிகளோடு பேசுவதற்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று கம்பிகளையே நம்பியிருக்கிறது. எட்டு பிட்டுகளை எட்டுக் கம்பிகளில் ஒரே நேரத்தில் அனுப்பாமல், ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் இம்முறையே தொடர் தகவல் பரிமாற்றம் எனப்படுகிறது. இதற்கான நிரலை எழுதியவர் அதை உண்மையான பலகையில் ஏற்றுவதற்கு முன்பாக, மின்சுற்றைக் கணினித் திரையில் வரைந்து ஓட்டிப் பார்க்க உதவும் சிமுலேட்டர் மென்பொருளில் சோதித்துக்கொள்வது கல்லூரி ஆய்வகங்களில் இன்று நிலைத்துவிட்ட வழக்கம். அந்தச் சோதனை எதை மெய்ப்பிக்கிறது, எதைத் தொடாமலே விடுகிறது என்பது வழக்கம் பரவிய அளவுக்கு ஆராயப்படவில்லை. திரையில் எழுத்துகள் பிழையின்றித் தோன்றிவிட்டால் சோதனை முடிந்தது என்று கொள்ளும் மனநிலையே மேலோங்கி நிற்கிறது. சிமுலேட்டரின் உண்மையான வலிமையோ, வெற்றியைக் காட்டுவதைவிடத் தோல்வியை வேண்டிய இடத்தில் வேண்டிய அளவில் உண்டாக்கிக் காட்டுவதில்தான் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இவ்வினாவை ஆராய்வதற்குத் திருவனந்தபுரம் பொருத்தமான களம். கெல்ட்ரான் என அறியப்படும் கேரள மாநில மின்னணு வளர்ச்சிக் கழகம் 1973இல் இங்கு தொடங்கப்பட்டது. அதன் ஆராய்ச்சிப் பிரிவாக வேர்விட்ட மின்னணு ஆராய்ச்சி வளர்ச்சி மையம் பிற்காலத்தில் மைய அரசின் சி-டாக் நிறுவனத்தோடு இணைந்தது. அந்தச் சி-டாக்கின் திருவனந்தபுரம் மையத்தில்தான் ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டளைத் தொகுதியை அடிப்படையாகக் கொண்ட வேகா வரிசைச் செயலிகள் வடிவமைக்கப்பட்டன. அவற்றுள் 32 பிட் செயலகத்தைக் கொண்ட தேஜஸ்32 சில்லு 100 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்குவது, 256 கிலோபைட் நினைவகமும் மூன்று தொடர் துறைகளும் உடையது. ஏரீஸ் என்ற பெயரிலான பயிற்சிப் பலகைகளில் அது பொருத்தப்பட்டுக் கிடைக்கிறது. 1939இல் தொடங்கிய திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரியும், 2014இல் நிறுவப்பட்டு மாநிலப் பொறியியல் கல்லூரிகளை இணைத்து நடத்தும் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், பள்ளிகளுக்கு ஆர்டுயினோ பலகை அடங்கிய ரோபோ கிட்களை வழங்கும் கைட் நிறுவனமும், 2011 முதல் இயங்கும் ஐசிஃபாஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் மையமும், தும்பாவில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் இதே நகரத்தவை. பத்தாம் வகுப்பு மாணவர் முதல் ஏவூர்தியின் மின்னணுவியலாளர் வரை அனைவரும் தத்தம் அளவில் ஒரே சிக்கலைச் சந்திக்கும் ஊர் இது.

சிக்கலின் அடிப்படை, ஒத்திசைவற்ற பரிமாற்றத்தின் இயல்பிலேயே உள்ளது. யுஏஆர்டி எனச் சுருக்கமாக அழைக்கப்படும் தொடர் துறையில் அனுப்புபவரும் பெறுபவரும் கடிகாரத் துடிப்பைப் பகிர்ந்துகொள்வதில்லை. இருவரும் ஒரு நொடிக்கு இத்தனை பிட்டுகள் என்று முன்கூட்டியே ஒத்துக்கொண்ட வேகத்தை, அதாவது பாட் வீதத்தை, தத்தம் கடிகாரத்திலிருந்து தனித்தனியே உண்டாக்கிக்கொள்கின்றனர். செயலற்ற நிலையில் உயர்மட்டத்தில் இருக்கும் கம்பி ஒரு பிட் நேரத்துக்குத் தாழ்வது தொடக்கப் பிட். அதையடுத்து எட்டுத் தரவுப் பிட்டுகள் கடைநிலைப் பிட்டிலிருந்து வரிசையாக வருகின்றன. இறுதியில் உயர்மட்ட நிறுத்தப் பிட். பெறும் சில்லு தொடக்கப் பிட்டின் விளிம்பைக் கண்டதும் எண்ணத் தொடங்கி, ஒவ்வொரு பிட்டின் நடுப்பகுதியிலும் கம்பியின் நிலையைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறது. ஆர்டுயினோ யூனோ போன்ற பலகைகளில் உள்ள ஏவிஆர் குடும்பத்துச் சில்லுகள் ஒரு பிட்டைப் பதினாறு கூறுகளாக்கி, நடுவிலுள்ள மூன்று கூறுகளில் பெரும்பான்மை எதுவோ அதை ஏற்கின்றன. இரு கடிகாரங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பிட்டுக்குப் பிட் சேர்ந்துகொண்டே போய், நிறுத்தப் பிட் வருவதற்குள் அரைப் பிட்டை எட்டிவிட்டால் பைட் சிதைந்துவிடும். ஆகவேதான் இச்சில்லுகளின் தரவுக் கையேடு, எட்டுப் பிட் சட்டகத்துக்குப் பாட் வீதப் பிழை 2 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பதே நலம் என்கிறது.

இந்தப் பரிமாற்றத்தைச் சிமுலேட்டர்கள் எல்லாம் ஒரே ஆழத்தில் பாவிப்பதில்லை என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மேலோட்டமான அடுக்கில் பைட்டே அலகு: நிரல் தொடர் துறையின் பதிவகத்தில் ஓர் எண்ணை எழுதியதும், மென்பொருள் அதை அப்படியே எடுத்துத் திரையின் எழுத்துப் பெட்டியில் போட்டுவிடுகிறது. 2003இல் ஃபப்ரீஸ் பெல்லார் வெளியிட்ட கியூஎமு போன்ற கணினிப் பாவிப்பிகளும், உலாவிக்குள்ளேயே ஓடும் சிமுலேட்டர்கள் சிலவும் இவ்வகையைச் சேர்ந்தவை. அடுத்த அடுக்கில் பிட்டே அலகு. கம்பியின் நிலை காலப்போக்கில் ஏறி இறங்குகிறது, மறுமுனைக் கருவி அதைத் தன் வீதத்தில் படிக்கிறது. இங்கிலாந்தின் லேப்சென்டர் நிறுவனத்து ப்ரோடியஸும், கட்டற்ற மென்பொருளான சிமுல்ஐடிஇயும் இங்கு நிற்கின்றன. மூன்றாவது அடுக்கில் மின்னழுத்தமே அலகு. 1973இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்பைஸ் மரபைச் சேர்ந்த மென்பொருள்கள் மின்தடை, மின்தேக்கம், திரான்சிஸ்டர் ஆகியவற்றின் சமன்பாடுகளைத் தீர்த்து அலையின் வடிவத்தையே கணிக்கின்றன. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஃபாசி திட்டம் வழங்கும் ஈசிம், ஸ்பைஸின் திறந்த வடிவமான என்ஜிஸ்பைஸை உள்ளே வைத்திருப்பது. அடுக்கு கீழிறங்க இறங்க உண்மைக்கு நெருக்கம் கூடும், ஓடும் வேகம் குறையும்.

பைட் அடுக்கில் ஓடும் சிமுலேட்டரில் பாட் வீதத்தைத் தவறாக எழுதிய நிரலும் சரியான விடையையே தரும்; ஏனெனில் அங்கு வீதம் என்ற ஒன்று கணக்கிலேயே வருவதில்லை. இது அந்த மென்பொருளின் குறையன்று; நிரலின் தருக்கத்தைச் சோதிக்க அமைந்த கருவி அது. அந்தத் திரையைப் படம்பிடித்து 'தொடர் தகவல் பரிமாற்றம் சரிபார்க்கப்பட்டது' என்று ஆய்வகக் குறிப்பேட்டில் ஒட்டுவதுதான் குறை.

பிட் அடுக்கில் நேரும் மயக்கங்கள் இன்னும் நுட்பமானவை. அவற்றுள் ஒன்றை நெருங்கிப் பார்ப்பது பயனுடையது. இன்டெல் நிறுவனம் 1980இல் வெளியிட்ட 8051 நுண்கட்டுப்படுத்தி, இந்தியப் பொறியியல் பாடத்திட்டங்களில் நாற்பதாண்டுகளுக்குப் பின்னும் உயிரோடிருப்பது. அதன் தொடர் துறைக்குரிய பாட் வீதத்தை முதலாம் டைமர் உண்டாக்குகிறது. சில்லுக்குக் கடிகாரத் துடிப்பைத் தரும் படிகத்தின் அதிர்வெண்ணை 384ஆல் வகுத்து, வந்ததை 256இலிருந்து டைமரில் இட்ட எண்ணைக் கழித்துக் கிடைப்பதால் மீண்டும் வகுத்தால் வீதம் கிடைக்கும். 11.0592 மெகாஹெர்ட்ஸ் என்ற விந்தையான படிகம் பாடநூல்களில் இடம்பிடித்ததன் காரணம் இதுதான். அதை 384ஆல் வகுத்தால் மீதியின்றி 28,800 வருகிறது. டைமரில் 253ஐ இட்டால் மூன்றால் வகுபட்டுச் சரியாக 9,600 கிடைக்கிறது. இதே நிரலை 12 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஓட்டினால் வீதம் ஏறத்தாழ 10,417 ஆகிவிடும், பிழை 8.5 சதவீதம்.

ப்ரோடியஸில் இது அடிக்கடி நேர்கிறது. மாணவர் வரைபடத்தில் படிகத்தையும் அதன் இரு மின்தேக்கிகளையும் ஒழுங்காக வரைந்து, 11.0592 என்று பெயரும் இட்டிருப்பார். ஆனால் நுண்கட்டுப்படுத்தி எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதை அந்த மென்பொருள் வரைந்த படிகத்திலிருந்து எடுத்துக்கொள்வதில்லை, சில்லின் பண்புப் பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அங்கே 12 மெகாஹெர்ட்ஸ் என்றிருந்தால் அதுவே சட்டம். படிகத்தை முழுவதும் நீக்கிவிட்டாலும் சுற்று ஓடும். அப்போது அனுப்பப்படும் 'ஏ' என்ற ஆங்கிலப் பேரெழுத்தைப் பின்தொடர்வோம். அதன் மதிப்பு 65. பிட்டுகளில் பூச்சியமாவதும் ஆறாவதும் மட்டும் ஒன்று. 9,600 வீதத்தில் படிக்கும் பெறுநர், முதல் சில பிட்டுகளைச் சரியாகவே எடுக்கிறது. ஐந்தாவது பிட்டைப் பார்க்க வேண்டிய நேரத்திலோ அனுப்புபவர் ஏற்கெனவே ஆறாவதற்குள் நுழைந்திருப்பார். ஆறாவதன் இடத்தில் ஏழாவது சிக்கும். ஏழாவதன் இடத்தில் நிறுத்தப் பிட்டே சிக்கும். விளைவு 161. அதையடுத்து வேறு எழுத்து உடனே வராவிட்டால் கம்பி உயர்மட்டத்திலேயே இருப்பதால், பெறுநருக்குச் சட்டகப் பிழைகூடத் தெரியாது. தவறான எழுத்து பிழையற்ற எழுத்தைப் போலவே வந்து சேரும். இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தவருக்கு, திரையில் தெரியும் பொருளற்ற குறிகள் 'வைரஸ்' போலத் தோன்றுவதில்லை.

இதே சிக்கலை எட்சிம்51 என்ற கற்பித்தல் சிமுலேட்டர் வேறு வகையில் கையாளுகிறது. அதன் எடுத்துக்காட்டு நிரல்கள் 12 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை ஏற்றுக்கொண்டே, வேகத்தை இரட்டிப்பாக்கும் பிட்டை இயக்கி, டைமரில் 243ஐ இட்டு 4,808 என்ற வீதத்தைப் பெறுகின்றன. 4,800க்கு இது 0.16 சதவீத வேறுபாடே. 12 மெகாஹெர்ட்ஸில் 9,600 கிட்டாது, 4,800 கிட்டும் என்பதை மாணவர் தானாகவே கண்டறியும் வாய்ப்பு இதில் உண்டு. ஆர்டுயினோ யூனோவிலும் இதற்கு இணையான நிலை இருக்கிறது. 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் 9,600க்கான பிழை 0.16 சதவீதம், 115,200க்கோ இயல்பான முறையில் 3.5 சதவீதத்தைத் தாண்டி வேகம் குறைகிறது, இரட்டை வேக முறையில் 2.1 சதவீதம் கூடுகிறது. ஆர்டுயினோவின் நூலகம் இரண்டாவதைத் தேர்ந்துகொள்கிறது. பள்ளி மாணவர்கள் எதுவும் அறியாமலே இந்த விளிம்பில் நடந்துகொண்டிருக்கிறார்கள். யூனோவின் மறுமுனையில் உள்ள யுஎஸ்பி சில்லும் அதே வகைக் கடிகாரத்தில் அதே திசையில் பிழைப்பதால் இருவரும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்கிறார்கள் என்பது மின்னணுவியலின் சிறு வேடிக்கைகளுள் ஒன்று.

கடிகாரத்துக்கு அடுத்த மயக்கம் மின்னழுத்த மட்டங்களில் எழுகிறது. 1960இல் முதலில் வகுக்கப்பட்ட ஆர்எஸ்-232 தரத்தில் ஒன்று என்பது எதிர்மறை மின்னழுத்தம், பூச்சியம் என்பது நேர்மறை; நுண்கட்டுப்படுத்தியின் முள்ளிலோ ஒன்று 5 வோல்ட், பூச்சியம் 0 வோல்ட். இவ்விரண்டையும் இணைக்கும் மேக்ஸ்232 சில்லு மட்டத்தை உயர்த்துவதோடு குறியைத் தலைகீழாக்கவும் செய்கிறது. ப்ரோடியஸின் மெய்நிகர் முனையம் என்னும் எழுத்துப் பெட்டியை மேக்ஸ்232க்கு வெளிப்பக்கம் இணைத்தால் அதன் முனைவுப் பண்பைத் தலைகீழாக மாற்ற வேண்டும், உட்பக்கம் இணைத்தால் கூடாது. கணினியின் உண்மையான தொடர் துறையோடு பாவனைச் சுற்றை இணைக்கும் காம்பிம் என்ற உறுப்பு இன்னொரு படி மேலே போய், மேக்ஸ்232 இல்லாமலே நேரடியாக வேலை செய்யும் விதத்தில் அமைந்துள்ளது. இதனால் சிமுலேட்டரில் சரியாக ஓடிய வரைபடத்தைப் பார்த்துப் பலகையைப் பற்றவைப்பவர், மட்டமாற்றியை விட்டுவிட்டு நுண்கட்டுப்படுத்தியின் முள்ளைப் பழைய கணினியின் ஒன்பது முள் இணைப்பியில் நேரடியாகக் கோத்துவிடும் அபாயம் இருக்கிறது. தரப்படி 15 வோல்ட் வரை அக்கம்பியில் வரலாம். 5 வோல்ட் ஆர்டுயினோவை 3.3 வோல்ட் வைஃபை சில்லோடு இணைப்பதிலும் இதே கதைதான். தருக்க நிலையை மட்டும் பார்க்கும் சிமுலேட்டருக்கு 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் ஒரே 'ஒன்று', உண்மைச் சில்லுக்கு அவை வேறு வேறு.

ஐ-ஸ்கொயர்-சி எனப்படும் இருகம்பி இணைப்பு இவ்வகையில் மிகவும் ஏமாற்றுவது. 1980களின் தொடக்கத்தில் பிலிப்ஸ் நிறுவனம் வகுத்த இம்முறையில் எந்தக் கருவியும் கம்பியை உயர்த்துவதில்லை, தாழ்த்த மட்டுமே செய்கிறது. உயர்த்தும் வேலை மின்வழங்கியோடு இணைந்த புல்-அப் மின்தடையுடையது. கம்பியின் மின்தேக்கமும் அந்த மின்தடையும் சேர்ந்து குறி எழும் நேரத்தைத் தீர்மானிக்கின்றன; 100 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் அந்நேரம் 1,000 நானோநொடிக்குள் அடங்க வேண்டும், மொத்த மின்தேக்கம் 400 பிக்கோஃபாரடைத் தாண்டக்கூடாது. பிட் அடுக்குச் சிமுலேட்டரில் மின்தடை இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே கேள்வி. அது 1 கிலோஓமா 100 கிலோஓமா என்பது பெரும்பாலும் விடையை மாற்றுவதில்லை. பலகையில் 100 கிலோஓமை வைத்து ஒரு முழ நீளக் கம்பியை நீட்டினால் சென்சார் பேசாமல் போகலாம். இதைக் கண்டறிய ஸ்பைஸ் அடுக்குக்கு இறங்க வேண்டும், அல்லது அலைவுகாட்டியை எடுக்க வேண்டும், இரண்டாவதே விரைவானது. எஸ்பிஐ என்னும் மற்றொரு முறையில் கடிகாரக் கம்பி தனியே செல்வதால் வீதப் பிழை என்ற பேச்சே இல்லை. கடிகாரத்தின் எந்த விளிம்பில் படிப்பது என்ற நான்கு வகைத் தேர்வில் நேரும் பிழையைப் பிட் அடுக்குச் சிமுலேட்டர்கள் நன்றாகவே பிடித்துக்கொடுக்கின்றன. ஆகவே அதைப் பற்றி இங்கு நீட்ட வேண்டியதில்லை.

மூன்றாவதாக வருவது நேரம். சிமுலேட்டருக்குள் ஓடும் கடிகாரம் சுவர்க் கடிகாரத்தோடு சேர்ந்தே ஓடும் என்ற உறுதி கிடையாது. சுற்றில் உறுப்புகள் பெருகினால் கணினியால் ஈடுகொடுக்க முடியாமல், பாவனை உலகின் ஒரு நொடி வெளியுலகின் இரண்டு மூன்று நொடிகளாக நீள்கிறது. உள்ளேயே அனுப்பி உள்ளேயே பெறும்வரை இதனால் தீங்கில்லை. காம்பிம் வழியாகவோ, சிமுல்ஐடிஇயின் தொடர் துறை உறுப்பு வழியாகவோ வெளியிலுள்ள பைத்தான் நிரலோடு பேசும்போது, அந்த நிரல் அரை நொடிக்குள் விடை வராவிட்டால் இணைப்பு அறுந்தது என முடிவுகட்டுவதாயிருந்தால், பிழையில்லாத சுற்று பிழையுடையதாகத் தோன்றும். இரண்டுக்கும் நடுவே வைக்கப்படும் மெய்நிகர் துறை இணைகளிலும் கவனம் தேவை: லினக்ஸில் சோகேட் கட்டளை உண்டாக்கும் போலி முனையங்களில் பாட் வீதம் வெறும் எழுத்தளவில் இருப்பது, இரு முனைகளிலும் வேறு வேறு வீதத்தை எழுதினாலும் பைட்டுகள் கடந்துவிடும். விண்டோஸின் காம்0காம் இயக்கியிலோ வீதத்தைப் பாவிக்கும் விருப்பத்தேர்வு உண்டு, அதைத் தனியே இயக்க வேண்டும்.

இத்துணைக் குறைபாடுகளைச் சொன்ன பிறகும் சிமுலேட்டரை ஒதுக்கிவிட முடியாது. 2020இல் பெருந்தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டபோது ஆய்வகம் என்ற ஒன்று மாணவருக்கு எஞ்சியது அதன் வழியாகத்தான். கேரளத்தில் இவ்வினாவுக்கு ஒரு தனிப் பரிமாணமும் உண்டு. ப்ரோடியஸ் விலைகொடுத்து வாங்க வேண்டிய, விண்டோஸில் ஓடும் மென்பொருள். கேரளத்து அரசுப் பள்ளிகளின் கணினிகளோ 2001இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டத்தின் வழிவந்த கைட் நிறுவனம் வழங்கும் குனு/லினக்ஸில் ஓடுபவை. 2025 கல்வியாண்டில் பத்தாம் வகுப்பு மாணவர் 4.3 லட்சம் பேருக்கு ரோபோடிக்ஸ் பாடம் பொதுவாக்கப்பட்டு, பள்ளிகளுக்கு 29,000 கிட்கள் வழங்கப்பட்ட நிலையில், பள்ளியிலேயே ஆர்டுயினோவைத் தொட்டு வளரும் மாணவர் கல்லூரிக்கு வந்ததும் வேறோர் இயங்குதளத்தின் சிமுலேட்டரைக் கற்க வேண்டியிருப்பது வீண் சுற்று. சிமுல்ஐடிஇ போன்றவை ப்ரோடியஸ் அளவுக்கு உறுப்பு வளம் இல்லாதவை என்பது மெய். தொடர் தகவல் பரிமாற்றத்தைப் பொறுத்தவரை வேண்டிய முனையம், தொடர் துறை, அலைவுகாட்டி, லாஜிக் அனலைசர் ஆகியவை அவற்றிலேயே உள்ளன. மூலநிரல் திறந்திருப்பதால், தொடர் துறையின் மாதிரி எந்த அடுக்கில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஐயமுள்ளவர் திறந்தே படித்துக்கொள்ளலாம்.

கருவி எதுவாயினும், கேட்கப்படும் கேள்வியே சோதனையின் தரத்தைத் தீர்மானிக்கிறது. பெரும்பாலான ஆய்வகங்களில் நடப்பது, விசைப்பலகையில் ஓர் எழுத்தை அழுத்தி அதே எழுத்து திரும்பி வருகிறதா என்று பார்ப்பது. மனிதர் விரலால் நொடிக்குச் சில எழுத்துகளையே அடிக்க முடியும். 9,600 வீதத்தில் ஒரு பைட் கடக்க 1.04 மில்லிநொடி போதும். பெறும் 8051இன் முதன்மைச் சுழற்சியில் 100 மில்லிநொடித் தாமதம் ஒன்று ஒளிந்திருந்தால், கையால் அடித்துப் பார்க்கும் சோதனை அதை ஒருநாளும் வெளிக்கொணராது. ஜிபிஎஸ் கருவியை இணைத்த அன்று, 82 எழுத்து வரை நீளும் அதன் வாக்கியம் 85 மில்லிநொடியில் ஓடி முடிந்திருக்கும். நிரல் விழித்துப் பார்க்கையில் எஞ்சியிருப்பது ஓரிரு எழுத்து. ஆர்டுயினோவின் 64 பைட் பெறும் இடைநினைவகமும் 115,200 வீதத்தில் 5.6 மில்லிநொடிக்குள் நிரம்பிவிடும். இவற்றைச் சிமுலேட்டரில் வெளிக்கொணர்வது எளிது: முழு வேகத்தில் இடைவெளியின்றி ஆயிரம் பைட்டுகளை ஊட்டும் ஒரு மூலத்தை இணைத்து, வந்து சேர்ந்தவற்றை எண்ணிப் பார்த்தால் போதும். அதேபோல மறுமுனையின் வீதத்தை அரை சதவீதம் அரை சதவீதமாக நகர்த்தி எந்த இடத்தில் எழுத்து சிதைகிறது என்று குறிப்பதும், பிட்டின் நடுவில் ஒரு குறுந்துடிப்பைச் செலுத்தி மூவர் பெரும்பான்மை முறை அதைத் தள்ளுபடி செய்கிறதா என்று பார்ப்பதும், நிறுத்தப் பிட்டை வேண்டுமென்றே தாழ்த்திச் சட்டகப் பிழைக்கொடி எழுகிறதா என்று சோதிப்பதும் உண்மைப் பலகையில் பெரும்பாடு. சிமுலேட்டரில் சில நிமிட வேலை. இத்தகைய பயிற்சிகள் ஆய்வகக் கையேடுகளில் அரிதாகவே காணப்படுகின்றன.

விண்வெளி, பாதுகாப்புத் துறைகளில் இந்நோக்கு புதியதன்று. விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் செமிகண்டக்டர் லேபரட்டரியும் இணைந்து உருவாக்கி 2025 மார்ச்சில் வெளியிட்ட விக்ரம்3201 என்னும் 32 பிட் செயலி, 1553பி என்ற தொடர் பாட்டைக்கான இரண்டு இடைமுகங்களைச் சில்லுக்குள்ளேயே கொண்டிருக்கிறது. நொடிக்கு 10 லட்சம் பிட் வேகத்தில், 20 பிட் நேர அளவுள்ள சொற்களாகத் தகவலைக் கடத்தும் அப்பாட்டையின் தரம் 1970களில் அமெரிக்க ராணுவத்தால் வகுக்கப்பட்டது. அதனோடு இணையும் கருவிகளுக்கான சரிபார்ப்புச் சோதனைத் திட்டத்தில் சரியான செய்திக்குச் சரியான விடை வருகிறதா என்ற பகுதியோடு, பாரிட்டி பிட் பிழை, பிட் எண்ணிக்கைப் பிழை, ஒத்திசைவுக் குறிப் பிழை ஆகியவற்றை வேண்டுமென்றே புகுத்திக் கருவி வாய்மூடி இருக்கிறதா என்று பார்க்கும் பகுதியும் இடம்பெறுகிறது. சரியாகப் பேசுவதைப் போலவே, பேசக்கூடாத வேளையில் பேசாமலிருப்பதும் அங்கு தேர்ச்சிக்கான நிபந்தனை.

சில்லு வடிவமைப்பிலும் அடுக்குகள் தெளிவாகப் பிரிந்திருக்கின்றன. வேகா செயலிகளைப் போன்ற ஒரு வடிவமைப்பு, முதலில் வன்பொருள் விவரிப்பு மொழியில் எழுதப்பட்டுப் பாவனையில் ஓட்டப்படுகிறது. பிறகு எஃப்பிஜிஏ எனப்படும், வேண்டியவாறு இணைத்துக்கொள்ளத்தக்க சில்லில் ஏற்றப்பட்டு உண்மையான கடிகாரத்தில் சோதிக்கப்படுகிறது. அதன்பின்பே சிலிக்கானுக்குப் போகிறது. தேஜஸ்32இன் வடிவத்தை ஆர்ட்டி ஏ7 என்ற எஃப்பிஜிஏ பலகையில் ஏற்றிப் பார்ப்பதற்கான கோப்புகளைச் சி-டாக் பொதுவில் வழங்கியிருக்கிறது. 2020இல் மைய அரசு அறிவித்த சுதேசி நுண்செயலிப் போட்டியில் சென்னை ஐஐடியின் சக்தி செயலியோடு வேகாவும் எஃப்பிஜிஏ வழியாகவே மாணவர் கைகளுக்குச் சென்றது. திரைப் பாவனைக்கும் பலகைக்கும் நடுவே இப்படியொரு படி இருப்பதைக் கல்லூரி ஆய்வகங்கள் போதுமான அளவு பயன்படுத்திக்கொள்ளவில்லை.

சிமுலேட்டர் முற்றிலுமாகத் தாண்டிச் செல்லும் ஒரு கட்டமும் உண்டு. அது நிரலை ஏற்றும் கட்டம். ப்ரோடியஸில் நிரல் கோப்பைச் சில்லின் பண்புப் பெட்டியில் சுட்டினால் போதும், அது மாயமாக நினைவகத்தில் அமர்ந்துவிடும். உண்மைப் பலகையில் நிரல் போய்ச்சேர்வதே தொடர் துறை வழியாகத்தான். தேஜஸ்32 பலகையை இயக்கியதும் அதிலுள்ள தொடக்க ஏற்றி, தன்னை அறிமுகப்படுத்தும் சில வரிகளை முனையத்துக்கு அனுப்பிவிட்டு, எக்ஸ்மோடம் முறையில் கோப்பு வருவதற்காகக் காத்திருக்கிறது. காத்திருப்பதன் அடையாளமாக 'சி' என்ற எழுத்தைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. 1977இல் வார்ட் கிறிஸ்டென்சன் உருவாக்கிய எக்ஸ்மோடம், கோப்பை 128 பைட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண்ணும் சரிபார்ப்பெண்ணும் இணைத்து அனுப்புவது. துண்டு பழுதின்றி வந்தால் பெறுநர் ஏற்பையும், பழுதாக வந்தால் மறுப்பையும் ஒரு பைட்டில் தெரிவிக்கிறது. எல்லாவற்றையும் திரையில் முடித்துவிட்டு வரும் மாணவர் முதன்முதலில் தடுக்கி விழுவது இங்கேதான்: துறையின் பெயர் தெரியாது, லினக்ஸில் அத்துறையைத் திறக்கும் உரிமை பயனருக்குத் தரப்பட்டிருக்காது, மறுபக்கம் இன்னொரு முனையச் சாளரம் அதே துறையைப் பிடித்துவைத்திருக்கும். அவரது நிரலில் பிழையே இராது.

இக்கட்டத்தையும் பாவனைக்குள் கொண்டுவருவது கடினமன்று. சோகேட் உண்டாக்கும் இரண்டு போலி முனையங்களுக்கு நடுவே ஐம்பது வரிப் பைத்தான் நிரல் ஒன்றை நிறுத்தி, ஒரு பக்கம் எக்ஸ்மோடம் அனுப்பும் மென்பொருளையும் மறுபக்கம் மாணவர் எழுதிய பெறும் நிரலையும் இணைத்துவிட்டால், கடந்து செல்லும் துண்டுகளில் ஏதேனும் ஒன்றில் ஒரு பிட்டை மட்டும் புரட்டிவிடலாம்; ஏற்பு பைட்டை விழுங்கிவிடலாம்; ஒரே துண்டை இருமுறை அனுப்பலாம். முதல் நிலையில் மறுப்பு எழ வேண்டும். இரண்டாவதிலும் மூன்றாவதிலும், ஏற்கெனவே வந்த வரிசை எண்ணே மீண்டும் வருவதைப் பெறுநர் உணர்ந்து, துண்டை நினைவகத்தில் இரண்டாம் முறை எழுதாமல் ஏற்பை மட்டும் திருப்பி அனுப்ப வேண்டும். மாணவர் எழுதும் முதல் படியில் பெரும்பாலும் தவறுவது இந்தக் கடைசி இரண்டும்தான்; பிழையற்ற கம்பியில் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் அவை வெளிப்படுவதில்லை.